கடிகாரம் சொன்ன சாட்சி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பள்ளியில் அரசு கொடுத்த மிதிவண்டியில்தான் இன்றும் வகுப்புக்கு வருகிறேன். சேர்க்கை நாளன்று அந்த வண்டியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே போகலாமா கூடாதா என்று தெரியாமல் வாசலிலேயே வெகுநேரம் நின்றேன். என்னை யாரும் தடுக்கவில்லை. என் தயக்கம்தான் தடுத்தது. ஆனால், தகுதி இருந்தும் வாசல்தோறும் தடுக்கப்பட்ட ஒரு மிதிவண்டி வீரர் இருந்தார். அவர்தான் மேஜர் டெய்லர். தோழர்களே! அவர் வரலாற்றைச் சற்றுக் கேளுங்கள்.

அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில், ஏழைக் கறுப்பினக் குடும்பம் ஒன்றில், 1878 நவம்பர் 26ஆம் நாள் பிறந்தார் மார்ஷல் டெய்லர். தந்தை ஒரு செல்வர் வீட்டில் குதிரைவண்டி ஓட்டியவர். அந்த வீட்டுப் பிள்ளைக்கு விளையாட்டுத் துணையாகப் போன சிறுவனுக்கு அங்கே ஒரு மிதிவண்டி கிடைத்தது. அதில் பல வித்தைகளைப் பழகினான். பின்னர் ஒரு மிதிவண்டிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, படைவீரர் உடை அணிந்து கடை வாசலில் வித்தை காட்டினான். அந்த உடையே அவனுக்கு மேஜர் என்ற பெயரைத் தந்தது.

1890களில் அமெரிக்க மக்களுக்கு மிதிவண்டி மேல் தணியாத மோகம். கோடை பிறந்தால் போதும், நகரந்தோறும் சங்கங்கள் பந்தயம் நடத்தும். கடை முதலாளி வேடிக்கைக்காகச் சிறுவனை ஒரு 10 மைல் பந்தயத்தில் இறக்கிவிட்டார். வேடிக்கை வினையாகவில்லை, வெற்றியாயிற்று! ஆயினும் 1894இல் நாட்டின் பெரிய மிதிவண்டிச் சங்கம், வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று விதி எழுதியது. டெய்லர் தம் இனத்தார் நடத்திய சங்கத்தில் சேர்ந்து ஓட்டினார். 1895 ஜூனில் நடந்த 75 மைல் சாலைப் பந்தயத்தில் எல்லைக் கோட்டைத் தொட்டவர் அவர் ஒருவரே.

அவ்வாண்டே, மங்கர் என்ற முன்னாள் பந்தய வீரர் அவரை மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகருக்கு அழைத்துச் சென்றார். 1896 கோடையில் பிறந்த ஊருக்குத் திரும்பிய டெய்லர், அங்குள்ள ஓடுதளத்தில் தனியாக ஓட்டிக் காட்டினார். வெள்ளை வீரர் ஒருவர் அங்கே ஒரு மைலுக்கு எடுத்திருந்த நேரத்தைப் பல நொடிகள் குறைத்தார். கடிகாரத்துக்கு நிறம் தெரியாது, உள்ளதைச் சொல்லிவிட்டது. பலன் என்ன? பாராட்டா? இல்லை. அந்த ஓடுதளமே அவருக்கு மூடப்பட்டது.

அவ்வாண்டு இறுதியில் தொழில்முறை வீரரானார். ஒருவர் பின்னால் ஒட்டி ஓட்டினால் காற்றின் தடை குறையும். வலிமையைச் சேமித்து இறுதியில் பாயலாம். இது இயற்பியல். ஆனால் எதிரிகள் சிலர் கூட்டுச் சேர்ந்து, முன்னும் பக்கமுமாக அவரை அடைத்தனர். 1897இல் தோற்ற வீரர் ஒருவர், பந்தயம் முடிந்ததும் அவர் கழுத்தையே நெரித்தார். டெய்லர் கலங்கவில்லை. சிறு சந்து கிடைத்தாலும் அம்பெனப் புகுந்தார். 1899இல் மாண்ட்ரியால் நகரில் ஒரு மைல் பந்தயத்தில் உலகப் பட்டம் வென்றார். 1901இல் பாரிஸ் சென்று, பிரெஞ்சு வீரர் ழாக்லாங்கிடம் முதலில் தோற்று, அதே மாதத்தில் மறுபடி மோதி வென்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டுவதில்லை என்ற தம் நெறியைப் பெருந்தொகைக்காகவும் அன்று விட்டுக்கொடுக்கவில்லை. ஆஸ்திரேலியாவிலும் பெருங்கூட்டம் அவரைக் காணத் திரண்டது.

1910இல் ஓய்வு பெற்றார். ஈட்டிய செல்வம் கரைந்தது. 1928இல் தம் வரலாற்றைத் தாமே நூலாக வெளியிட்டு, சிகாகோவில் வீடு வீடாகச் சென்று விற்றார். 1932 ஜூன் 21 அன்று, அந்நகர மருத்துவமனையின் தரும வார்டில், தமது 53ஆம் வயதில் மறைந்தார். பெயர்க்கல் இல்லாத குழி ஒன்றில் புதைக்கப்பட்டார். 1948இல் பழைய பந்தய வீரர்கள் சேர்ந்து உடலை எடுத்து, நல்ல இடத்தில் மறுபடி அடக்கம் செய்து, கல் நாட்டினார்கள். 1982இல் இண்டியானாபொலிஸ் நகரம் கட்டிய ஓடுதளத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. ஆம், அவருக்குக் கதவை மூடிய அதே நகரம்தான்!

எங்கள் ஆய்வுக்கூடத்தில் நொடிமுள் கடிகாரத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன். கடிகாரம் அன்றே சாட்சி சொன்னது. அதை ஏற்க அந்த ஊருக்கு 86 ஆண்டுகள் ஆயின. திறமை இருந்தால் எல்லாக் கதவும் தானே திறக்கும் என்று முன்பு நம்பியிருந்தேன். இப்போது அப்படி நம்பவில்லை. கதவு திறக்க உள்ளிருந்தும் ஒரு கை வேண்டும். டெய்லருக்கு ஒரு மங்கர் வாய்த்ததைப் போல.

இவ்வாண்டு சேர்க்கை நாளில் ஒரு தம்பி மிதிவண்டியைப் பிடித்தபடி வாசலில் தயங்கி நின்றான். நான் போய், வண்டி நிறுத்துமிடம் எது, அலுவலகம் எது என்று காட்டி உள்ளே அழைத்து வந்தேன்.