திருவிழாவை விசாரித்த பண்டிதர்

பண்பாட்டியல் என்று ஒரு முதுகலைப் படிப்பு இருக்கிறது. அதில் சேரப் போவதாகக் காலனிப் பிள்ளை ஒருவர் வீட்டில் சொன்னால், அதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்றுதான் முதலில் கேட்பார்கள். கடன் வாங்கிப் படிக்க வைக்கிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். அது நியாயமான கேள்வி. அடுத்து வரும் கேள்விதான் மனதைத் தைக்கிறது. நம் தெருவில் நடக்கிற கூத்தையும் சாவுச் சடங்கையும் தெரிந்துகொள்ளவா பல்கலைக்கழகம் வரை போக வேண்டும் என்பது அது. நம்மிடம் இருப்பது அறிவு அல்ல, வெறும் வழக்கம் என்று நம்மையே நம்ப வைத்ததன் விளைவு இந்தக் கேள்வி. அந்த நம்பிக்கையை உடைப்பதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் க. அயோத்திதாசப் பண்டிதர். வேலை பற்றிய கேள்விக்கு அவர் வாழ்க்கையில் பெரிய விடை இல்லை. அவர் சித்த வைத்தியம் பார்த்துத்தான் சாப்பிட்டார்.

அவர் 1845 மே 20 அன்று பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வியும் வைத்தியமும் கற்பித்த ஆசிரியரின் பெயரையே பின்னாளில் தம் பெயராக ஏற்றுக்கொண்டார். தமிழோடு சமஸ்கிருதம், பாலி, ஆங்கிலமும் அறிந்தவர். தாத்தா கந்தப்பன் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் வீட்டில் சமையற்காரராக இருந்தவர். அந்தக் கந்தப்பன் தம்மிடமிருந்த திருக்குறள் ஓலைச்சுவடியை அந்த அதிகாரி மூலமாக எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தார் என்று பண்டிதரே தம் இதழில் எழுதியிருக்கிறார். சமையற்காரர் வீட்டில் சுவடி எப்படி இருந்தது என்று வியப்பவர்கள் உண்டு. ஏன் இருக்கக் கூடாது என்பதுதான் பண்டிதர் எழுத்து முழுக்கக் கேட்ட கேள்வி.

இளமைக் காலத்தை நீலகிரியில் கழித்தார். 1870-இல் அங்கே அத்வைதானந்த சபையைத் தொடங்கினார். அப்போது அவர் வேதாந்தி. 1885-இல் ஜான் ரத்தினம் என்ற பாதிரியாரோடு சேர்ந்து ‘திராவிட பாண்டியன்’ இதழை நடத்தினார். 1891-இல் திராவிட மகாஜன சபையை நிறுவினார். அந்த ஆண்டு டிசம்பர் 1 அன்று உதகையில் கூடிய மாநாட்டில் நிறைவேறிய பத்துத் தீர்மானங்கள், கல்வி, நிலம், அவமதிப்பிலிருந்து பாதுகாப்பு என்று நம் மக்களின் அன்றாடத்தைப் பற்றியவை.

அவர் போக்கை மாற்றிய சம்பவம் 1892-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நடந்தது. சென்னை மகாஜன சபைக் கூட்டத்துக்கு நீலகிரியின் பிரதிநிதியாகப் போயிருந்தார். சிவன் கோயிலும் விஷ்ணு கோயிலும் எல்லோருக்கும் பொது என்றால் எங்கள் மக்களை மட்டும் ஏன் உள்ளே விடுவதில்லை என்று எழுந்து கேட்டார். கூட்டத்தில் கூச்சல் கிளம்பியது. தஞ்சாவூர்ப் பிரதிநிதி சிவராம சாஸ்திரி எழுந்தார். உங்களுக்கு மதுரைவீரனையும் காட்டேரியையும் கருப்பண்ணனையும் கொடுத்திருக்கிறோம், சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கு உரியவர்கள் அல்ல என்று விடை கூறினார். அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம், எங்கள் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்புவரை இலவசக் கல்வியும் தரிசு நிலமும் வாங்கிக் கொடுங்கள் என்றார் பண்டிதர். கல்வி, நிலம் என்ற அந்த இரண்டு கோரிக்கைகளையும் சபை ஏற்றுக்கொண்டது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து பஞ்சமி நில ஆணை வந்ததும் இதே 1892-இல்தான். அந்த நிலம் இன்று யார் கையில் இருக்கிறது என்பதை இந்தப் பகுதியின் வாசகர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னாருக்கு இன்ன சாமி என்று பங்கு பிரித்துக் கொடுத்தது யார் என்ற கேள்வி அதற்குப் பிறகு அவரை விடவில்லை. 1898-இல் கர்னல் ஆல்காட்டின் உதவியோடு இலங்கைக்குப் போனார். கொழும்பில் சுமங்கல நாயக தேரரிடம் தீட்சை பெற்றுப் பௌத்தரானார். திரும்பி வந்து ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். அம்பேத்கர் நாகபுரியில் பௌத்தம் தழுவியது 1956-இல். பண்டிதர் அதற்கு 58 ஆண்டுகள் முந்தியவர்.

1907 ஜூன் 19, புதன்கிழமை. ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழின் முதல் பிரதி அன்று வெளிவந்தது. விலையே பெயரிலும் இருந்தது. ஓராண்டுக்குப் பிறகு ‘தமிழன்’ என்று சுருங்கிய அந்த இதழ் கோலார் தங்கவயல், பர்மா, தென்னாப்பிரிக்கா என்று நம் மக்கள் கூலிக்குப் போன ஊர்களையெல்லாம் தேடிப் போனது. ஏழு ஆண்டுகள் அதில் விடாமல் எழுதினார். இந்தப் படிப்புக்கும் அவருக்குமான தொடர்பு அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது.

தீபாவளியை எடுத்துக்கொள்ளுங்கள். நரகாசுரன் கதை எல்லோருக்கும் தெரியும். ஒருவன் செத்த நாளை எதற்காக எண்ணெய் தேய்த்துக் குளித்துக் கொண்டாட வேண்டும் என்று பண்டிதர் யோசித்தார். அவர் கண் எண்ணெயில் போய் நின்றது. பௌத்த மடத்தில் இருந்தவர்கள் எள்ளிலிருந்து நெய் எடுத்து, அதன் மருத்துவக் குணத்தைச் சோதித்து, அரசனிடம் காட்டினார்கள். அரசன் அதை மக்களுக்கு அறிவித்து, தீபவதி என்ற ஆற்றில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் செய்தான். அந்த நாளே தீபாவளி என்று எழுதினார். கார்த்திகை தீபத்தை ஆமணக்கெண்ணெயோடு இணைத்தார். இதெல்லாம் ஒரு வைத்தியரின் மூளைக்கு மட்டுமே தோன்றக்கூடியது என்று எனக்குப் படுகிறது. அசுரனைக் கொன்ற கதை போய், நோயைத் தீர்த்த கதை வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அரிச்சந்திரன் கதையையும் விடவில்லை. இன்றும் கிராமத்தில் இரவெல்லாம் அந்தக் கூத்தைப் பார்த்து நம் பெண்கள் கண் கலங்குகிறார்கள். அந்தக் கதையில் சுடுகாட்டை ஆள்பவனாக ஒரு சாதியைக் கொண்டுவந்து வைத்தது யார், எதற்காக என்று கேட்டு, அரிச்சந்திரனின் பொய்களைத் தனியாகவே எழுதினார். நந்தனைப் பற்றியும் அப்படித்தான். தீயில் இறங்கிச் சுத்தமாகிக் கோயிலுக்குள் போனதாகச் சொல்லப்படும் அடிமை நந்தன் பின்னால் செய்யப்பட்டவன், உண்மையில் நந்தன் ஒரு பௌத்த அரசன் என்பது அவர் வாதம்.

சாதிப் பெயரையே அவர் வேறு விதமாக வாசித்தார். பறை என்பது கருவி, அதை அடித்தவர் பறையர் என்பது ஊர் சொல்லும் விளக்கம். பறைதல் என்றால் சொல்லுதல் என்றும் பொருள் உண்டல்லவா? வேஷதாரிப் பிராமணர்களின் பொய்யை ஊருக்குப் பறைந்தவர்கள் மேல் பகைவர்கள் சுமத்திய பெயர் அது என்றார். ஒழுக்கத்தால் பிராமணராக இருந்த பௌத்தர்களை யதார்த்த பிராமணர் என்றும், பிறப்பைக் காட்டி அந்த இடத்தைப் பிடித்தவர்களை வேஷ பிராமணர் என்றும் பிரித்தார். அதனால் பறையர் என்ற பெயரை ஏற்காமல், பூர்வத் தமிழர், பூர்வ பௌத்தர் என்று சொல்லச் சொன்னார். அவருடைய மைத்துனரான இரட்டைமலை சீனிவாசனார் 1893-இல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே இதழ் தொடங்கியவர். அந்தப் பெயரைத் தலைநிமிர்ந்து சொன்னால்தான் இழிவு போகும் என்பது சீனிவாசனாரின் நிலை. ஒரே குடும்பத்துக்குள் நடந்த இந்த வழக்குக்கு நம் இளைஞர்கள் இன்றும் தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். யார் பக்கம் என்று என்னைக் கேட்டால், மேடையில் சீனிவாசனார் பக்கம், படிக்கும்போது பண்டிதர் பக்கம் என்பேன்.

இந்த விளக்கங்களெல்லாம் வரலாற்று உண்மையா? பலவற்றுக்குக் கல்வெட்டோ வேறு ஆதாரமோ காட்ட முடியாது. சொற்களைப் பிரித்துப் பொருள் சொல்லும்போது மொழியியல் படித்தவர்கள் நெளிவார்கள். மாணவர்கள் அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நரகாசுரனுக்கு மட்டும் கல்வெட்டு இருக்கிறதா? ஒரு கதையை எல்லோரும் நம்புகிறார்கள் என்பதாலேயே அது இயற்கையாகிவிடாது, அதைச் சொன்னவருக்கு ஒரு நலன் இருந்தது என்று காட்டியதில்தான் அவர் பெரியவர். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் தற்காலப் பண்பாட்டு ஆய்வு மையம் தொடங்கியது 1964-இல். நம் கல்லூரிகளில் பண்பாட்டியலின் தொடக்கமாகச் சொல்லித் தரப்படுவது அதைத்தான். அதற்கு 50 ஆண்டுகளுக்கு முன்பே ராயப்பேட்டை வைத்தியர் தம் வேலையை முடித்துவிட்டுக் கண்மூடியிருந்தார்.

இன்னொன்றையும் சொல்லாமல் கடக்க முடியாது. தம் மக்கள் சதியால் தாழ்த்தப்பட்டவர்கள் என்று நிறுவ வந்தவர், துப்புரவுத் தொழிலில் தள்ளப்பட்ட சாதிகளையும் வேறு சில எளிய மக்களையும் இயல்பாகவே தாழ்ந்தவர்கள் என்பது போல எழுதினார். இவர்களையும் அவர்களையும் ஒரே பட்டியலில் அரசாங்கம் வைப்பதை எதிர்த்தார். அருந்ததியர் தோழர்கள் இதைச் சுட்டிக்காட்டும்போது, காலம் அப்படி என்று நம்மில் சிலர் மழுப்புகிறார்கள். அது சரியல்ல. சொன்னவரின் நலன் என்ன என்று எல்லாக் கதையிடமும் கேட்கக் கற்றுக்கொடுத்தவரிடமே அந்தக் கேள்வியைக் கேட்பது, அவரைச் சரியாகப் படித்ததற்கு அடையாளம். பாலக்காட்டிலும் கரூரிலும் சாக்கடைக் குழிக்குள் இறங்குகிறவர் எந்தச் சாதி என்று தெரிந்த பிறகும் இதை மூடி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பௌத்தர் என்று பதியச் சொல்லி ‘தமிழன்’ இதழில் தொடர்ந்து எழுதினார். இந்திய வரலாற்றைப் பௌத்தப் பார்வையில் ‘இந்திரர் தேச சரித்திரம்’ என்றும், புத்தர் வாழ்க்கையை ‘ஆதிவேதம்’ என்றும் எழுதினார். திருக்குறளுக்குப் பௌத்த உரை எழுதத் தொடங்கி 55 அதிகாரங்கள் வரை வந்திருந்தார். 1914 மே 5 அன்று காலமானார். உரை அங்கேயே நின்றது.

மகன் பட்டாபிராமன் சிறிது காலம் இதழை நடத்தினார். 1926 முதல் கோலார் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையார் அதைத் தொடர்ந்தார். சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளில் அது படிக்கப்பட்டது. பிறகு பண்டிதரின் பெயர் பொதுவெளியில் அடங்கிவிட்டது. தமிழ் இலக்கிய வரலாற்று நூல்களிலும் இதழியல் வரலாறுகளிலும் நெடுங்காலம் அவருக்கு இடம் இல்லை. நான் தமிழ் முதுகலை படித்த இரண்டு ஆண்டுகளில் ஒரு வகுப்பில்கூட அவர் பெயர் ஒலிக்கவில்லை.

பழைய ‘தமிழன்’ இதழ்களைக் காப்பாற்றி வைத்திருந்தவர்கள் நம் மக்களே. அன்பு பொன்னோவியம் அவர்களில் முக்கியமானவர். அப்படிக் கிடைத்தவற்றைக் கொண்டு ஞான. அலாய்சியஸ் பதிப்பித்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ முதல் இரண்டு தொகுதிகள் 1999-இல் வெளிவந்தன. வெளியிட்டது பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம். வீட்டில் சிரிக்கிறார்களே, கூத்தையும் சடங்கையும் படிக்க ஒரு துறையா என்று, அப்படிப்பட்ட ஒரு துறைதான் அந்தத் தொகுதிகளை அச்சுக்குக் கொண்டுவந்தது. ராஜ் கௌதமன், டி. தருமராஜ், ஸ்டாலின் ராஜாங்கம் ஆகியோரின் ஆய்வுகள் அதற்குப் பிறகு வந்தவை. தொகுதிகள் கனமானவை, பழைய நடை; முதல் பத்துப் பக்கம் தடுமாற வைக்கும். பண்டிகைகளைப் பற்றிய கட்டுரைகளிலிருந்து தொடங்கினால் வீட்டில் பாட்டிக்கும் வாசித்துக் காட்டலாம்.