மனச்சாட்சிக்கு அஞ்சிய மாமனிதர்

பத்தாம் வகுப்பு மாணவி

மன்னன் எவ்வழி, குடிகள் அவ்வழி என்பார்கள். அவ்வாறு ஒரு நாடே மன்னன் பின்னால் சென்றபோது, தனியே நின்றுவிட்ட ஒருவரின் வரலாறு இது. அவர்தான் புனித தாமஸ் மோர்.

இவர் 1478-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தை ஜான் மோர் ஒரு வழக்கறிஞர், பின்னாளில் நீதிபதியானவர். சிறுவன் தாமஸ் பேராயர் மார்ட்டன் இல்லத்தில் பணிவிடை செய்து வளர்ந்தார், ஆக்ஸ்போர்டில் பயின்றார், பின்பு தந்தையின் விருப்பப்படி சட்டம் கற்றார். துறவியாகிவிடலாமா என்ற எண்ணமும் இளமையில் அவரை விடவில்லை. கார்த்தூசியன் துறவிகளின் மடத்தருகே தங்கி, அவர்களோடு செபித்து வந்தார். முடிவில் இல்லறத்தையே தேர்ந்துகொண்டார். ஆயினும் துறவியரைப் போல் உடலை உறுத்தும் முரட்டு மயிராடை ஒன்றை, பட்டு உடைக்கு உள்ளே யாரும் அறியாமல் அணிந்து வந்தார். அதை அறிந்திருந்தவள் மூத்த மகள் மார்கரெட். அதைத் துவைத்துத் தந்தவளும் அவளே!

தோழியரே, பெண்களுக்குக் கல்வி எதற்கு என்று பெரியோர்களே கேட்ட காலம் அது. மோரோ தம் மூன்று பெண்களுக்கும் மகனோடு சமமாக இலத்தீன், கிரேக்கம், தத்துவம், வானியல் எல்லாம் கற்பித்தார். எராஸ்முஸ் என்னும் பேரறிஞர் பரலோக மந்திரத்துக்கு எழுதிய விளக்கத்தை, மார்கரெட் இலத்தீனிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்தபோது அவளுக்கு வயது சுமார் பத்தொன்பதுதான். இந்த இடத்தை நான் இரண்டு முறை படித்தேன்.

1516-இல் மோர் எழுதிய ‘உட்டோப்பியா’ என்னும் நூல் உலகப் புகழ் பெற்றது. அது ஒரு கற்பனைத் தீவின் கதை. அங்கே எல்லாரும் நாளுக்கு 6 மணி நேரம் மட்டும் உழைப்பார்கள். ஒருவருக்கும் பசி இல்லை. பொன்னை அவர்கள் மதிப்பதில்லை. கழிவுக் கலங்களையும் அடிமைகளின் விலங்குகளையுமே பொன்னால் செய்வார்கள்! சிரிப்பாகத் தோன்றினாலும் அந்நூலில் கோபமும் உண்டு. கம்பளி வணிகத்திற்காக நிலங்களை வேலியிட்டு ஆடு வளர்த்த செல்வர்கள் உழவர்களைத் துரத்தினர். பசியால் திருடிய அவர்களையே சட்டம் தூக்கிலிட்டது. இதை மோர் வன்மையாகக் கண்டித்தார்.

1523-இல் அவர் மக்கள் சபையின் தலைவரானார். உறுப்பினர்கள் அச்சமின்றிப் பேச உரிமை வேண்டுமென்று மன்னர் எட்டாம் ஹென்றியிடம் விண்ணப்பித்தார். 1529-இல் கம்ப்ரே நகரில் நடந்த சமாதானப் பேச்சில் பங்கேற்றார். அதே ஆண்டு, நாட்டின் மிக உயர்ந்த பதவியாகிய சான்சலர் பதவி அவரைத் தேடி வந்தது. தேங்கிக் கிடந்த வழக்குகளை எல்லாம் முடித்தார். சொந்த மருமகனுக்கு எதிராகவும் தீர்ப்பு வழங்கினார். ஒரு பெண்மணி கையுறைக்குள் பொற்காசுகளை வைத்துக் கொடுத்தபோது, கையுறையை மட்டும் ஏற்றுக்கொண்டு காசுகளைத் திருப்பிவிட்டார். இத்தனை பெரிய பதவியிலும், நீதிமன்றம் செல்லும் வழியில் வயது முதிர்ந்த தந்தையைக் கண்டால், எல்லார் முன்னிலையிலும் முழந்தாளிட்டு ஆசி பெறுவாராம்.

ஒன்றை மறைக்க எனக்கு மனமில்லை. அவர் பதவியிலிருந்த காலத்தில், திரிபுக் கொள்கையினர் என்று தீர்ப்பிடப்பட்ட சிலர் தீயிலிட்டுக் கொல்லப்பட்டனர். அதைச் சரியென்றே அவர் எண்ணினார். தம் மனச்சாட்சிக்காக உயிரையே தந்தவர், பிறருடைய மனச்சாட்சியை ஏன் எண்ணிப் பார்க்கவில்லை? மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டரிடம் கேட்டேன். புனிதர்களும் தங்கள் காலத்து மனிதர்களே என்றார்கள். அந்த விடை எனக்கு முழுவதும் போதவில்லை.

இனி சோதனைக் காலம். அரசி கேத்தரினுக்கு ஆண் வாரிசு இல்லை. அவரைத் தள்ளிவிட்டு ஆன் பொலினை மணக்க மன்னர் விரும்பினார். பாப்பரசர் இசையவில்லை. ஆகவே இங்கிலாந்துத் திருச்சபையையே தம் கைக்குள் கொண்டுவர மன்னர் முனைந்தார். மோர் 1532-இல் பதவியைத் துறந்தார். வருமானம் குறைந்தது; வேலையாட்களுக்கு வேறு இடம் தேடித் தந்தார். ஆன் பொலினின் முடிசூட்டு விழாவுக்கும் அவர் செல்லவில்லை. 1534-இல் எல்லாரும் ஓர் உறுதிமொழி எடுக்க வேண்டுமென்று சட்டம் வந்தது. ஆன் பெறும் பிள்ளைகளே அரசாள்வர் என்பதை மட்டுமானால் மோர் ஏற்றிருப்பார். ஆனால் பாப்பரசரின் அதிகாரத்தை மறுக்கும் வாசகமும் அதில் இருந்தது. அவர் மறுத்தார், காரணமும் சொல்லவில்லை. பேசாதவனைச் சட்டம் தண்டிக்க முடியாது என்பது அந்தச் சட்ட வல்லுநருக்குத் தெரியும்.

இலண்டன் கோட்டைச் சிறையில் ஏறக்குறைய 15 மாதங்கள் கழிந்தன. மனைவி ஆலிஸ் வந்து, நல்ல வீடும் தோட்டமும் இருக்க எலிகளோடு அடைபட்டுக் கிடப்பானேன் என்று கடிந்துகொண்டார். மார்கரெட்டும் வந்தாள். கடவுளின் சட்டம் இடந்தருமளவுக்கு என்ற சொற்களைச் சேர்த்து அவள் அந்த உறுதிமொழியை எடுத்திருந்தாள். அப்பாவும் எடுத்துவிட்டால் வீடு திரும்பலாமே என்று கெஞ்சினாள். எல்லாரையும் விட அவள் கண்ணீரே அவருக்குப் பெரிய சோதனையாக இருந்திருக்கும். அவர் அவளைக் குறை சொல்லவில்லை, தாமும் இணங்கவில்லை. எழுதுபொருள்களைப் பறித்தபின் கரித்துண்டால் அவளுக்குக் கடிதம் எழுதினார். நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் கெஞ்சியிருப்பேன்.

1535 ஜூலை 1-ஆம் நாள் விசாரணை நடந்தது. சிறையில் தம்மிடம் மோர் மன்னரின் தலைமையை மறுத்துப் பேசினார் என்று ரிச்சர்டு ரிச் என்பவர் சாட்சி சொன்னார். அது பொய் என்றார் மோர். அப்போது அறையிலிருந்த மற்ற இருவரும், தாங்கள் புத்தகங்களைக் கட்டிக்கொண்டிருந்ததால் எதையும் கேட்கவில்லை என்று நழுவிவிட்டனர். மரண தண்டனை விதிக்கப்பட்டது. அதன் பின்னரே அவர் வாய் திறந்து, திருச்சபைக்கு ஒரு நாட்டு மன்னர் தலைவராக முடியாது என்று வெளிப்படையாக உரைத்தார்.

கோட்டைக்குத் திரும்பும் வழியில், ஆயுதம் ஏந்திய காவலர் நடுவே புகுந்து மார்கரெட் தந்தையைக் கட்டிக்கொண்டாள். சில அடி சென்றவள் மீண்டும் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். மரணத்துக்கு முந்திய நாள் அவர் அந்த மயிராடையை அவளுக்கே அனுப்பி வைத்தார்.

ஜூலை 6-ஆம் நாள் அவர் தலை வெட்டப்பட்டது. 1935-இல் திருத்தந்தை பதினோராம் பயஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். 2000-ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அரசியலாரின் பாதுகாவலராக அறிவித்தார். ஆனால் அன்று அவர் தலை துரோகியின் தலையாக இலண்டன் பாலத்தின் மேல் குத்தி வைக்கப்பட்டிருந்தது. மார்கரெட் அதை மீட்டெடுத்து, 1544-இல் தான் இறக்கும் வரை பாதுகாத்து வைத்திருந்தாள். கேன்டர்பரி நகரில், அவள் கணவரின் குடும்பக் கல்லறையில், புனித டன்ஸ்டன் ஆலயத்தில் அது இருப்பதாகக் கூறுகிறார்கள்.