குழந்தைகளின் யமனை விரட்டிய பெஹ்ரிங்

2020-ம் ஆண்டு கொரோனா பரவியபோது தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் வட்டாரத்திலும் அடிபட்ட பெயர் பிளாஸ்மா. நோயிலிருந்து பிழைத்தவரின் ரத்தத்திலிருந்து அணுக்களை நீக்கினால் மிஞ்சும் மஞ்சள் நீர்தான் அது. அதை ஏற்றினால் நோயாளி பிழைப்பார் என்று பலர் நம்பினார்கள். சென்னை அரசு பொது மருத்துவமனையில் பிளாஸ்மா வங்கியே திறக்கப்பட்டது.

இந்த நம்பிக்கைக்கு வித்திட்டவர் ஒரு ஜெர்மானியர். அவர் பெயர் எமில் பெஹ்ரிங்.

ஆசிரியர் மகன்

பெஹ்ரிங் 1854 மார்ச் 15-ந் தேதி பிறந்தார். தந்தை பள்ளிக்கூட ஆசிரியர். வீட்டில் 13 குழந்தைகள். டாக்டருக்குப் படிக்க வைக்க வசதி இல்லை. ஆகவே ராணுவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். படிப்புக்கு ஈடாக ராணுவத்தில் வேலை பார்த்தார். பிறகு பெர்லினில், காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக்கின் ஆராய்ச்சிக் கூடத்துக்கு வந்தார்.

அந்நாளில் குழந்தைகளின் யமனாக இருந்தது தொண்டை அடைப்பான் என்னும் டிப்தீரியா. அதன் கிருமி கக்கும் விஷமே உயிரைக் குடித்தது. அந்த விஷத்தின் வீரியத்தைக் குறைத்து மிருகங்களுக்குச் சிறிது சிறிதாக ஏற்றினால், அவற்றின் ரத்தத்தில் மாற்று மருந்து உண்டாவதை பெஹ்ரிங் கண்டார். 1890-ல் அவரும் ஜப்பானிய டாக்டர் கிடசாட்டோவும் இதை உலகுக்கு அறிவித்தார்கள். பின்னர் குதிரைகளிடமிருந்து இந்தச் சீரம் ஏராளமாகத் தயாரானது.

எட்டும் முப்பதும்

ஆனாலும் சில டாக்டர்கள் சந்தேகப்பட்டார்கள். சீரம் இல்லாமலும் பிழைக்கும் குழந்தைகள் உண்டே!

டென்மார்க் டாக்டர் ஃபிபிகர் அதற்கு விடை தேடினார். 1896-ல் தொடங்கி ஓராண்டு, கோபன்ஹேகன் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வந்தவர்களுக்குச் சீரம் கொடுத்தார். மறுநாள் வந்தவர்களுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். சீரம் பெற்ற 239 பேரில் இறந்தவர்கள் 8 பேர். பெறாத 245 பேரில் 30 பேர். சந்தேகம் தீர்ந்தது. 1901-ல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு பெஹ்ரிங்கைத் தேடி வந்தது.

புகழ் போதாது

அடுத்து அவர் காசநோயோடு மோதினார். மாடுகளுக்குத் தடுப்பு மருந்து தயாரித்தார். அது நிலைக்கவில்லை. 1917 மார்ச் 31-ந் தேதி அவர் கண்மூடினார். 1928-ல் டாக்டர் சவுரிமுத்து தாம்பரத்தில் காசநோய் சானடோரியம் தொடங்கியபோதுகூட அந்நோயைத் தீர்க்கும் மருந்து கிடையாது. நல்ல காற்றும் ஓய்வும் உணவுமே சிகிச்சை.

கொரோனா காலத்திலும் பழைய கேள்வியே எழுந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020-ல் 39 ஆஸ்பத்திரிகளில் 464 நோயாளிகளைச் சோதித்தது. பிளாஸ்மா பெற்ற 235 பேரில் நோய் முற்றியவர்களும் இறந்தவர்களுமாக 44 பேர். பெறாத 229 பேரில் 41 பேர். பலன் இல்லை! தானம் செய்த பலரின் பிளாஸ்மாவில் எதிர்ப்புச் சக்தி குறைவாக இருந்தது ஒரு குறை. ஆனால் எதிர்ப்புச் சக்தி மிகுந்த பிளாஸ்மாவை ஏற்றிப் பார்த்த பிரிட்டனிலும் சாவு குறையவில்லை. 2021 மே மாதம் இந்தியச் சிகிச்சை முறையிலிருந்து அது நீக்கப்பட்டது.

ரத்தம் கொடுத்தவர்களின் நல்ல மனதுக்கு இதனால் குறைவில்லை. ஆனால் பிளாஸ்மாவுக்காக அலைந்த குடும்பங்களின் தவிப்பை மறக்கலாமா? பெஹ்ரிங்கின் சீரம் நிலைத்தது அவர் பெயரால் அல்ல. எட்டுக்கும் முப்பதுக்கும் உள்ள வித்தியாசத்தால்தான்.