அசரியா அத்தியட்சர்

திருநெல்வேலிச் சீமையிலே வெள்ளாளன்விளை என்னுஞ் சிற்றூரில் 1874ஆம் ஆண்டு பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1902இல் அவர் யாழ்ப்பாணம் வந்தார். இங்குள்ள தமிழ்க் கிறித்தவர் தம் பொருள்கொண்டே பிறவிடங்களிற் சமயப்பணி நடத்துதல் கண்டு உள்ளம் எழுச்சியுற்றார். மறுவருடமே திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது.

1910இல் எடின்பரோ மகாநாட்டில், மேனாட்டு ஊழியர் இந்தியரைத் தோழராய் ஏற்காத குறையை அஞ்சாது எடுத்துரைத்தார். கேட்டோரிற் சிலர் சினந்தனர். எனினும் 1912இல் கல்கத்தாவில் அவருக்கு அத்தியட்சர் அபிஷேகம் நிகழ்ந்தது. அங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே. தெலுங்கு பயின்று, தோர்ணக்கல் நாட்டுப்புறத்து ஏழை மக்களிடையே முப்பத்திரண்டு ஆண்டு உழைத்தார்.

திருச்சபைகள் ஒன்றாதல் வேண்டுமென்பது அவர்தம் நெடுங்கனவு. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை மலர்ந்தது. அதனைக் காண அவர் இல்லை. 1945 சனவரி முதலாந் திகதியே அமரராகிவிட்டார்.