புரோகிராம் ஏன் ஸ்லோ ஆகிறது? போத்தனூர் அம்மாவின் மகன் 1946-ல் பிடித்த பாயின்ட்

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் இருந்து கடலுக்குப் போகும் படகுகளில் ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் எல்லாம் இப்போது சாதாரணம். இந்த மாதிரிக் கருவிகளுக்குள் வேலை பார்ப்பது மைக்ரோகன்ட்ரோலர் என்ற சின்ன சிப். அதற்கு புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு ஒரு தலைவலி உண்டு. தப்பைத் தேட டீபக் செய்ய ஆரம்பித்ததும், அதுவரை ஓடிய புரோகிராம் நொண்ட ஆரம்பித்துவிடும். சிப் பழுதா? பெரும்பாலும் இல்லை. அது எதற்காகவோ காத்துக்கொண்டு இருக்கிறது.

இந்தக் காத்திருப்பை, தன் கம்ப்யூட்டர் பேப்பரில் மட்டும் இருந்தபோதே கணக்கில் எடுத்தவர் ஆலன் டூரிங்.

யார் இவர்?

1912 ஜூன் 23-ல் லண்டனில் பிறந்தார். ஆனால் அம்மா எத்தல் சாரா பிறந்தது நம்ம கோவை போத்தனூரில்! தாத்தா எட்வர்ட் ஸ்டோனி மெட்ராஸ் ரயில்வேயில் தலைமை இன்ஜினீயர். அப்பா ஜூலியஸ், மெட்ராஸ் மாகாணத்தில் ஐசிஎஸ் அதிகாரி. பெற்றோர் இந்தியாவில் இருக்க, ஆலன் இங்கிலாந்தில் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவரின் வீட்டில் வளர்ந்தார்.

1936-ல் எழுதிய கட்டுரையும், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் எனிக்மா ரகசியக் குறியீட்டை உடைத்ததும் பலருக்கும் தெரிந்த கதை. அதிகம் பேசப்படாதது அதற்குப் பிறகு நடந்தது.

பாதரசக் குழாயில் ஒரு ராட்டினம்

1945-ல் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் சேர்ந்து, ஏஸ் என்ற கம்ப்யூட்டரை வடிவமைத்தார். அதன் மெமரி, சுமார் 5 அடி நீளப் பாதரசக் குழாய்கள். எக்கோ சவுண்டர் தண்ணீருக்குள் ஒலியை அனுப்புகிற மாதிரி, இங்கே பாதரசத்துக்குள் ஒலித் துடிப்புகள் போகும். மறுமுனைக்கு வந்ததும் திரும்ப முதலில் இருந்து அனுப்புவார்கள். ஒரு சுற்றுக்கு 1,024 மைக்ரோ செகண்ட். ஒரு குழாயில் 32 கட்டளைகள்.

ராட்டினம் மாதிரி யோசித்துப் பாருங்கள். வேண்டிய பெட்டி இப்போதுதான் கடந்து போனது என்றால், அது சுற்றி வரும் வரை சும்மா நிற்க வேண்டும். கட்டளைகளை 1, 2, 3 என்று வரிசையாக அடுக்கினால் இதுதான் நடக்கும். ஒன்றைச் செய்து முடிப்பதற்குள் அடுத்தது போயிருக்கும்.

1946-ல் வடிவமைப்பைத் திருத்தித் திருத்தி எழுதியபோது டூரிங் வரிசையையே கலைத்தார். அடுத்த கட்டளை எங்கே இருக்கிறது என்பதை ஒவ்வொரு கட்டளையும் சொல்லும். கை காலியாகும் நேரத்தில் சரியாக வந்து சேரும் இடத்தில் அதை வைக்க வேண்டும். எழுதுகிறவருக்கு இது பெண்டு நிமிர்த்தும் வேலை. ஆனால் மெஷின் பறக்கும்.

இன்றைய சிப்களிலும் கதை இதுதான். 72 மெகாஹெர்ட்ஸில் ஓடும் எஸ்டிஎம்32எஃப்103 சிப்பில், புரோகிராம் இருக்கும் ஃபிளாஷ் மெமரிக்கு அந்த வேகம் வராது. அதனால் படிக்கும்போது 2 சுற்று காத்திருப்பு வைக்கிறார்கள். டீபக் செய்யும்போது இன்னும் மோசம். 9600 பாட் வேகத்தில் ஒரு எழுத்தை கம்ப்யூட்டருக்கு அனுப்ப சுமார் 1 மில்லி செகண்ட். 16 மெகாஹெர்ட்ஸ் சிப்புக்கு அது 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட துடிப்புகள். நிபந்தனையோடு பிரேக்பாயின்ட் வைத்தால், பல டீபக்கர்கள் ஒவ்வொரு முறையும் சிப்பை நிறுத்தி, கேபிள் வழியாக மதிப்பைக் கேட்டுவிட்டுத்தான் ஓட விடும். அதனால் கோடை மாற்றும் முன், எங்கே காத்திருக்கிறது என்று பார்ப்பது நல்லது.

கட்டியவர்கள் வேறு

ஆய்வகத்தின் இழுத்தடிப்பில் வெறுத்துப்போன டூரிங், 1948-ல் மான்செஸ்டருக்குப் போய்விட்டார். அவர் இல்லாமலேயே 1950 மே 10-ல் பைலட் ஏஸ் முதல் புரோகிராமை ஓட்டியது. 1 மெகாஹெர்ட்ஸ் வேகம். அன்றைய கம்ப்யூட்டர்களில் முன்வரிசை.

அதற்கு முந்தைய ஆண்டு, 1949 ஜூன் 24-ல், கேம்பிரிட்ஜ் மாநாட்டில் டூரிங் இன்னொன்று சொன்னார். ஒரு பெரிய புரோகிராமைச் சரிபார்க்க, இந்த இடத்தில் இந்த மதிப்பு இப்படி இருக்க வேண்டும் என்று நடுநடுவே எழுதி வைத்து, துண்டு துண்டாகச் சோதிக்கலாம் என்பது அது. பேப்பரிலேயே முடிகிற வேலை. மெஷினை நிறுத்தவே வேண்டாம்.

1952-ல், தன்பாலின உறவுக்காக நீதிமன்றம் அவரைக் குற்றவாளி ஆக்கியது. சிறைக்குப் பதிலாக ஹார்மோன் ஊசி. போரில் தன்னைக் காப்பாற்றியவருக்கு பிரிட்டன் கொடுத்த பரிசு அது. 1954 ஜூன் 7-ல் சயனைடு விஷத்தால் இறந்தார். வயது 41. தற்கொலை என்றது விசாரணை.

அரச மன்னிப்பு வந்தது 2013-ல். 2021 ஜூன் 23-ல் வெளியான 50 பவுண்டு நோட்டில் டூரிங்கின் படத்தோடு, அவர் கட்டி முடிக்காமல் விட்டுப்போன பைலட் ஏஸும் இருக்கிறது.