சேர் ஹென்றி வுட்டும் குயின்ஸ் மண்டபமும்

இலண்டனில் வாழும் எமது பழைய மாணவிகள் பலர் ஒக்ஸ்போர்ட் சேர்க்கஸ் சந்தியிலிருந்து பிபிசி தலைமையகம் வரை நடந்திருப்பார்கள். அவ்வழியில் லாங்ஹம் பிளேஸ் என்னும் இடத்தில் இன்று ஒரு ஹோட்டல் நிற்கிறது. 1893 முதல் 1941 வரை அங்கே இருந்தது குயின்ஸ் இசைமண்டபம். ஏறத்தாழ 2,500 பேர் அமரக்கூடிய அந்த மண்டபத்தின் கதை பெரும்பாலும் சேர் ஹென்றி வுட் என்ற ஒருவரின் வாழ்க்கைக் கதைதான்.

1869 மார்ச் 3ஆம் திகதி இலண்டனில் பிறந்தவர் வுட். இசையார்வம் மிக்க பெற்றோரின் பிள்ளையான அவர், சிறுவயதிலேயே தேவாலயத்தில் ஓர்கன் வாசித்தார். பின்னர் றோயல் இசை அக்கடமியில் பயின்று, வாத்தியக் குழுக்களை நெறிப்படுத்தும் தொழிலுக்கு வந்தார்.

குயின்ஸ் மண்டபத்தின் முகாமையாளர் ரொபேட் நியூமனுக்கு ஓர் எண்ணம் இருந்தது. சாதாரண மக்களுக்குப் பழகிய இசையை முதலில் கொடுத்து, படிப்படியாகப் பெரிய இசைக்கு அவர்களைப் பழக்க வேண்டும் என்பதே அது. அதற்குப் பணம் இருக்கவில்லை. பணம் கொடுத்தவர் ஒரு வைத்தியர். தொண்டை நோய் நிபுணர் ஜோர்ஜ் கத்கார்ட். அவர் இரண்டு நிபந்தனைகள் விதித்தார். வுட் மட்டுமே நெறியாளராக இருக்க வேண்டும். அக்காலத்தில் இங்கிலாந்தில் வழக்கிலிருந்த உயர்ந்த சுருதி பாடகர்களின் தொண்டையைப் பாதிப்பதால், ஐரோப்பாவின் தாழ்ந்த சுருதிக்கு மாற வேண்டும். வைத்தியத்துறையில் இருக்கும் எமக்கு இந்த இரண்டாவது நிபந்தனையில் தனி மகிழ்ச்சி உண்டு.

1895 ஓகஸ்ட் 10ஆம் திகதி புரொம்ஸ் கச்சேரிகள் தொடங்கின. வுட்டுக்கு அப்போது வயது 26. ஒரு சிலிங் கொடுத்தால் கீழ்த்தளத்தில் நின்று கேட்கலாம். திங்கட்கிழமைகளில் வாக்னர், வெள்ளிக்கிழமைகளில் பீத்தோவன் என்று நாட்கள் வகுக்கப்பட்டன. உயர்குடியினர் கோடை விடுமுறைக்கு ஊர் போய்விடும் மாதங்களில், கந்தோர் வேலை முடிந்து வந்தவர்களால் மண்டபம் நிறைந்தது.

வுட் கண்டிப்பானவர். ஒத்திகைக்கு வந்த கலைஞர் கச்சேரி நாளில் வேறொருவரை அனுப்பும் வழக்கத்தை 1904இல் தடைசெய்தார். சுமார் 40 பேர் விலகிச் சென்று இலண்டன் சிம்பொனி வாத்தியக் குழுவை அமைத்தார்கள். வுட் தம் முடிவை மாற்றவில்லை.

1913இல் அவர் செய்ததுதான் பெண்பிள்ளைகள் பாடசாலையில் படித்த எம்மை இவரை எழுதத் தூண்டியது. இசைக் கல்லூரிகளில் பெண்கள் ஆண்களுக்கு நிகராகப் படித்துத் தேறினார்கள். ஆனால் பெரிய வாத்தியக் குழுக்களில் அவர்களுக்கு இடமில்லை. வுட் ஆறு பெண்களை வயலின், வியோலா வாசிக்கச் சேர்த்தார், ஆண்களுக்குக் கொடுத்த அதே சம்பளத்துக்கு. படித்த பின்பும் வாசல் திறவாத நிலை என்னவென்பது எம் தாய்மாருக்கும் பேத்திமாருக்கும் நன்றாகத் தெரியும்.

நியூமன் மறைந்த பின் 1927இல் பிபிசி புரொம்ஸைப் பொறுப்பேற்றது. 1941 மே 10ஆம் திகதி இரவு ஜேர்மன் குண்டுவீச்சில் குயின்ஸ் மண்டபம் எரிந்தது. அன்று பிற்பகல்கூட அங்கே கச்சேரி நடந்திருந்தது. வாத்தியங்கள் பல சாம்பலாயின. அந்தக் கோடையிலேயே, 72 வயதான வுட், றோயல் அல்பேர்ட் மண்டபத்தில் புரொம்ஸை நடத்தினார். 1944இல், புரொம்ஸின் 50ஆவது பருவத்தில், ஓகஸ்ட் 19ஆம் திகதி காலமானார்.

குயின்ஸ் மண்டபம் மீண்டும் கட்டப்படவில்லை. இடிபாடுகளிலிருந்து மீட்ட வுட்டின் மார்பளவுச் சிலையை ஒவ்வொரு புரொம்ஸ் பருவத்திலும் அல்பேர்ட் மண்டபத்தில் வைத்து, இறுதி இரவில் மாலை சூட்டுகிறார்கள். குறைந்த கட்டணத்தில் நின்று கேட்பவர்களுக்கு இன்றும் அங்கே இடமுண்டு.

எரிந்த கட்டடங்களையும் சிதறிய ஊர்களையும் கண்ட தலைமுறை நாம். எமது சங்கத்தின் நூற்றாண்டில் கட்டட நிதிக்கு மனமுவந்து கொடுக்கிறோம், கொடுக்கத்தான் வேண்டும். அதோடு, வசதியில்லாத ஒரு பிள்ளைக்கு வயலின் வாங்கவும், அவள் வகுப்புக் கட்டணத்துக்கும் ஒரு பங்கு ஒதுக்குவோமாக. வுட்டும் கத்கார்ட்டும் நியூமனும் சேர்ந்து செய்த காரியமும் ஏறத்தாழ அதுதான்.