பிராந்தி கேட்டார் துரை, முந்திரிப் பழம் ஊற்றினார் பாப்பு... தலச்சேரியில் பிறந்த கிறிஸ்துமஸ் கேக்கின் கதை!

நவம்பர் கடைசியிலேயே ஓசூர் பக்கம் வேலை ஆரம்பிச்சிடுது. உலர்திராட்சை, பேரீச்சை, முந்திரி, டூட்டி ஃப்ரூட்டி எல்லாவற்றையும் பொடிப்பொடியாக நறுக்கி, கண்ணாடி ஜாடியில் ஊறப்போட்டு, சமையலறையின் வெயில் படாத மூலையில் வைத்துவிடுகிறார்கள். எலத்தகிரி மாதிரியான பழைய கத்தோலிக்கக் கிராமங்களிலும் சரி, சிப்காட் வேலைக்காக வந்து செட்டிலான மலையாளக் குடும்பங்களின் ஃபிளாட்களிலும் சரி, டிசம்பர் என்றால் வீட்டு கேக்தான். பெங்களூரு பக்கத்திலேயே இருக்கு, விதவிதமான கேக் கடையில் கிடைக்குது. ஆனாலும், வீட்டில் ஒரு கேக்காவது போட்டால்தான் பண்டிகை வந்த மாதிரி இருக்கும் என்பவர்கள் நிறைய பேர்.

கூடவே சில சந்தேகங்களும் வருஷா வருஷம் வரும். ரம் ஊற்றாமல் வெறும் திராட்சை ஜூஸில் ஊறவைத்தால் அது கிறிஸ்துமஸ் கேக் ஆகுமா? ஓவன் இல்லாமல் குக்கரில் வைத்தால் சரியா வருமா? மேல் வீட்டில் முட்டை சாப்பிட மாட்டார்கள், எதிர் வீட்டில் மது கலந்ததைத் தொட மாட்டார்கள்... அவர்களுக்காக மாற்றிச் செய்தால் ஒரிஜினல் ருசி போயிடுமா?

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் 1883-லேயே ஒருவர் பதில் செய்து காட்டிவிட்டார். பெயர், மம்பள்ளி பாப்பு. ஊர், தலச்சேரி. யஷ்வந்த்பூரில் கிளம்பும் கண்ணூர் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஓசூரில் ஏறிப் படுத்தால், காலையில் இறங்கிவிடலாம். இன்றைக்கு அது கேரளா. பாப்பு வாழ்ந்த காலத்தில் மலபாரும் சரி, ஓசூர் இருந்த சேலம் ஜில்லாவும் சரி, ஒரே மதராஸ் மாகாணம்தான்.

பர்மாவில் கற்ற தொழில்

மலபார் கடற்கரையில் மிளகுக்கும் ஏலக்காய்க்கும் பேர்போன துறைமுகம் தலச்சேரி. கிழக்கிந்திய கம்பெனி 1708-ல் இங்கே கோட்டையே கட்டியது. கம்பெனிக்காரர்கள், பட்டாளத்தார், தோட்ட முதலாளிகள் என்று வெள்ளைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கிய ஊர். அவர்களுக்குக் காலையில் ரொட்டி வேண்டும், மாலையில் டீயோடு பிஸ்கட் வேண்டும்.

இந்தத் தேவையைச் சரியாகப் பிடித்தவர் பாப்பு. இந்துக் குடும்பத்தில் பிறந்த வியாபாரி. அந்தக் காலத்தில் தமிழர்களும் மலையாளிகளும் பிழைப்புக்குக் கப்பலேறிப் போன இடம் பர்மா. பாப்புவும் போனார். அங்கே ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். 1880-ல் தலச்சேரியில் ராயல் பிஸ்கட் ஃபேக்டரியைத் தொடங்கினார். பிஸ்கட், ரஸ்க், ரொட்டி, பன் என்று சுமார் 40 வகைகள் அங்கே தயாரானதாகச் சொல்வார்கள்.

ஒரு விஷயத்தை இங்கே கவனிக்கணும். ரொட்டி மாவு உப்புவதற்கு ஈஸ்ட் வேண்டும். இன்றைக்கு மாதிரி பாக்கெட் ஈஸ்ட் அன்று தலச்சேரிக் கடைகளில் கிடைக்காது. பாப்பு என்ன செய்தார்? தென்னங்கள்ளை எடுத்தார். கள்ளில் இயற்கையாகவே ஈஸ்ட் இருக்கிறது. மலபார் வீடுகளில் ஆப்ப மாவைப் புளிக்கவைக்கும் அதே உத்திதான். ஆப்பத்துக்கு வேலை செய்வது ரொட்டிக்கும் வேலை செய்தது. கேக் கதைக்கு முன்னாலேயே பாப்புவின் கை இப்படிப் பழகியிருந்தது.

குதிரையில் வந்த ஆர்டர்

தலச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கிறது அஞ்சரக்கண்டி. கிழக்கிந்திய கம்பெனி 18-ம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே பெரிய பட்டைத் தோட்டம் போட்டது. பின்னாளில் அது ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பிரௌன் குடும்பத்தின் கைக்கு வந்தது. 1883 நவம்பரில் அந்தத் தோட்டத்தின் முர்டாக் பிரௌன், பாப்புவின் கடைக்கு வந்தார். இதற்குப் பிறகு நடந்தது மம்பள்ளி குடும்பத்தில் தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வரும் கதை.

பிரௌன் கையில் ஒரு கேக் இருந்தது. இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்தது. அதைப் பாப்புவிடம் ருசி பார்க்கக் கொடுத்து, இதேபோல கிறிஸ்துமஸுக்கு ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டார். எப்படிச் செய்வது என்று பத்து நிமிஷம் விளக்கினார். கோகோ, உலர்திராட்சை, உலர்பழங்கள் எல்லாம் அவரே கொடுத்தார். சேர்க்க வேண்டிய பிராந்தியை மட்டும் மாஹேயில் வாங்கிக்கொள்ளச் சொன்னார். தலச்சேரியிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் மாஹே அப்போது பிரெஞ்சுக்காரர்கள் வசம் இருந்தது. அதனால் நல்ல பிரெஞ்சு பிராந்தி அங்கே கிடைக்கும்.

யோசித்துப் பாருங்க. பாப்பு அதுவரை கேக்கே செய்ததில்லை. அது அவருடைய பண்டிகையும் இல்லை. எழுதிய ரெசிப்பி இல்லை, அளவு இல்லை. நாக்கில் ஒட்டிய ஒரு துண்டு கேக்கின் ருசி, பத்து நிமிஷப் பேச்சு... இவ்வளவுதான் கையிருப்பு. கெட்டுப்போனால் பெரிய வாடிக்கையாளரின் கிறிஸ்துமஸே கெட்டுப்போகும். கடை ஆரம்பித்து மூணே வருஷம். ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

முதல் பிரச்னை, அச்சு. பக்கத்து ஊரான தர்மடத்தில் இருந்த ஒரு கொல்லரிடம் சொல்லி அச்சு அடித்து வாங்கினார். அடுத்து மசாலா. ஏலம், கிராம்பு, பட்டைக்கு மலபாரில் பஞ்சமா என்ன? அந்தக் கரையிலேயே தரமானதைத் தேர்ந்தெடுத்தார். மூன்றாவது, பிராந்தி. இங்கேதான் பாப்பு துரையின் பேச்சை மீறினார். மாஹேக்குப் போகவில்லை. முந்திரிப் பழத்தையும் கதளிப் பழத்தையும் புளிக்கவைத்து இறக்கிய உள்ளூர்ச் சரக்கை மாவில் சேர்த்தார்.

டிசம்பர் 20-ம் தேதி கேக் பிரௌனின் கைக்குப் போனது. சாப்பிட்டுப் பார்த்தவருக்கு அது அவ்வளவு பிடித்துப்போய், கூடவே இன்னும் ஒரு டஜன் ஆர்டர் கொடுத்தாராம்!

இதுதான் முதல் கேக்கா?

இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று பாப்புவின் கேக்கைச் சொல்வது வழக்கம். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். 1883-க்கு முன்னால் இருநூறு வருஷங்களுக்கும் மேலாக ஆங்கிலேயர்கள் சென்னையில் கிறிஸ்துமஸ் கொண்டாடியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டு அடுப்படியில் நின்றவர்கள் நம்ம ஊர் சமையல்காரர்கள். அதில் ஒருவர்கூட டிசம்பரில் கேக் போட்டிருக்க மாட்டார் என்று நம்புவது கஷ்டம்தான். ஆனால் துரை வீட்டு கேக் துரையின் மேஜையோடு முடிந்துபோனது. செய்தவரின் பெயர் யாருக்கும் தெரியாது.

பாப்புவுக்குக் கடை இருந்தது, பெயர்ப்பலகை இருந்தது. அவர் செய்தது காசு கொடுத்தால் யாருக்கும் கிடைத்தது. வெள்ளைக்கார வீட்டுக்குள் இருந்த பண்டத்தை ஒரு இந்தியர் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்து, அடுத்த தலைமுறைக்கும் கொடுத்துவிட்டுப் போனார். முதலா, இரண்டாவதா என்பதைவிட இதுதான் பெரிய விஷயம்.

மருமக்கள் கைக்குப் போன தொழில்

பாப்புவின் கடை வளர்ந்தது. முதல் உலகப் போர் காலத்தில் வெளிநாடுகளில் இருந்த படைவீரர்களுக்குத் தலச்சேரியிலிருந்து கேக்கும் இனிப்பும் கப்பலில் போனதாகக் குடும்பத்தினர் சொல்வதுண்டு. 

அந்தக் குடும்பத்தில் மருமக்கத்தாயம் நடைமுறையில் இருந்தது. அதாவது சொத்தும் தொழிலும் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகாது. தாய்வழியில், சகோதரிகளின் பிள்ளைகளுக்குப் போகும். பாப்புவின் தொழிலும் அப்படித்தான் மருமக்கள் கைக்குப் போய்க் கிளை விட்டது. திருவனந்தபுரத்தில் சாந்தா பேக்கரி, எர்ணாகுளத்தில் கொச்சின் பேக்கரி, கோட்டயத்தில் பெஸ்ட் பேக்கரி, கோழிக்கோட்டில் மாடர்ன் பேக்கரி என்று வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு பெயர்களில் கடைகள் வந்தன. இந்தப் பெயர்களில் எதிலுமே பாப்பு இல்லை. கேரளாவில் எத்தனையோ பேர் அவர் வாரிசுகளின் கேக்கை, அவர் பெயரைக் கேள்விப்படாமலே சாப்பிட்டு வளர்ந்திருப்பார்கள்.

தலச்சேரி மட்டும் மறக்கவில்லை. கிரிக்கெட், சர்க்கஸ், கேக்... இந்த மூன்றும்தான் எங்க ஊர் அடையாளம் என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

கடையிலிருந்து அடுப்படிக்கு

கடையில் விற்ற கேக் வீட்டுக்குள் வருவதற்குக் காலம் பிடித்தது. தென்னிந்தியக் கிறிஸ்தவ வீடுகளில் பண்டிகைப் பலகாரம் என்றால் முறுக்கு, அதிரசம், அச்சு முறுக்கு, கல்கல் இதெல்லாம்தான். எல்லாமே எண்ணெய்ச் சட்டியில் வேகிறவை. கேக்குக்கு அடியிலும் மேலேயும் ஒரே சீராகச் சூடு வேண்டும். அது நம் அடுப்புக்குப் பழக்கமில்லாத வேலை.

அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். மாவை வீட்டில் கலந்து, டிரேயைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருமுனை பேக்கரியின் விறகு அடுப்பில் வேகவைத்து வாங்கி வந்தார்கள். சட்டியில் மணலைக் கொட்டி நடுவே பாத்திரத்தை வைத்து, மூடியின் மேல் தணல் போட்டார்கள். அப்புறம் மூடியில் கண்ணாடி வைத்த வட்ட அலுமினிய ஓவன் வந்தது. இப்போது ஓ.டி.ஜி இருக்கு. அதுவும் இல்லாத வீட்டில் குக்கர் இருக்கு. கொல்லரிடம் அச்சு அடித்து வாங்கிய பாப்பு இதைப் பார்த்திருந்தால் ஆச்சர்யப்பட்டிருக்கவே மாட்டார்.

பாப்பு வழியில் ஒரு கேக்

இன்னொன்றும் தெரிஞ்சுக்கோங்க. இங்கிலாந்தில் இந்த கேக்குக்கே நிலையான வடிவம் இருந்ததில்லை. கிறிஸ்துமஸுக்குக் காய்ச்சிய ஒரு கஞ்சியிலிருந்து படிப்படியாக மாறி வந்தது அது. பிளம் கேக் என்கிறோம், ஆனால் அதில் பிளம் பழம் இல்லை. அந்தக் கால ஆங்கிலத்தில் உலர்திராட்சையையே பிளம் என்றார்கள்.

ஆக, ஆரம்பத்தில் கேட்ட சந்தேகங்களுக்கு இப்போ தாராளமா பதில் சொல்லலாம்.

ரம் வேண்டாமா? ஆரஞ்சு ஜூஸிலோ கறுப்புத் திராட்சை ஜூஸிலோ ஊறவைக்கலாம். ஒரே ஒரு வித்தியாசம்தான். மது கெட்டுப்போகாமல் காக்கும், ஜூஸ் காக்காது. அதனால் பழங்களை ஃபிரிட்ஜில் வைத்து ஓரிரு நாள் ஊறினால் போதும். கேக்கையும் சீக்கிரம் சாப்பிட்டு முடிக்கணும்.

ஓவன் இல்லையா? குக்கரின் அடியில் உப்போ மணலோ பரப்பி, அதன்மேல் ஒரு ஸ்டாண்டு வைத்து, காஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, குறைந்த தீயில் ஒரு மணி நேரம் விடுங்கள். குச்சியைக் குத்தி எடுத்தால் மாவு ஒட்டாமல் வரணும்.

அந்த அடர்ந்த பழுப்பு நிறத்துக்குக் கலர் பொடி தேவையில்லை. சர்க்கரையைக் கருக்கிச் சேர்க்கும் கேரமல்தான் நம்ம ஊர் பிளம் கேக்கின் நிறம், அந்த லேசான கசப்பும் அதனால்தான். நறுக்கிய பழங்களைக் கொஞ்சம் மைதாவில் புரட்டிப் போட்டால் அடியில் போய்த் தங்காது.

இன்னும் ஒரு படி மேலே போகணுமா? கிருஷ்ணகிரி மாவட்டத்தின் இரண்டு சொத்துகள், மாம்பழமும் கேழ்வரகும். திராட்சையோடு உலர்ந்த மாம்பழத் துண்டுகளையும் ஊறப்போடலாம். மைதாவில் கால் பங்கைக் குறைத்துக் கேழ்வரகு மாவு சேர்க்கலாம். அதற்கு மேல் சேர்த்தால் கேக் உதிரும். கேழ்வரகில் மாவைப் பிடித்துவைக்கும் குளூட்டன் கிடையாது. மலபார்க்காரர் முந்திரிப் பழத்தைச் சேர்த்தார், நாம் மாம்பழத்தைச் சேர்ப்போம். யார் கேட்கப்போறாங்க?

ஓசூரில் ஒரு மாடியில் தமிழ் கேட்கும், அடுத்த மாடியில் தெலுங்கு, அதற்கு அடுத்து கன்னடம், மலையாளம், இந்தி. டிசம்பர் 24 ராத்திரி தட்டில் அடுக்கிய கேக் துண்டுகள் இந்த எல்லாக் கதவுகளுக்கும் போகும். மேல் வீட்டுக்கு முட்டை இல்லாத கேக், எதிர் வீட்டுக்கு ஜூஸில் ஊறியது. இப்படி அடுத்தவருக்காக மாற்றிச் செய்வதால் பாரம்பரியம் ஒன்றும் குறைந்துவிடாது. பாப்புவும் இன்னொருவர் பண்டிகைக்காக, தன் ஊரில் விளைந்ததைப் போட்டுத்தான் தன் முதல் கிறிஸ்துமஸ் கேக்கைச் செய்தார்.